இசைப் பேரறிஞர் முத்துசாமி தீட்சிதர்

விருதுநகரிலிருந்து தெற்கே செல்லும் பெருவழி, சாத்தூரில் வைப்பாற்றைக் கடந்து கோவிற்பட்டியை நோக்கி நீள்கின்றது. வழியின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கும். மழை பெய்தால் அந்நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் செழித்து வளரும். மழை பொய்த்தால் கரிய மண் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். வானத்தை அண்ணாந்து நோக்கி வாழும் வாழ்வே அப்பகுதி மக்களின் பழைய வாழ்வாகும்.

இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன்பு, இக்கரிசல் வழியே ஒரு பெரியவர் மாட்டு வண்டியில் சென்றார். அவரிடம் பொருட்செல்வம் இல்லை. வீணை ஒன்று இருந்தது. பிரிந்துபோன தம்பியைத் தேடிச் சென்ற அவர், மீண்டும் சோழநாடு திரும்பவில்லை. இக்கரிசற் சீமையிலேயே அவர் வாழ்வு நிறைவுற்றது. அவரே கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர் ஆவார். மற்றை இருவர் தியாகராசரும் சியாமா சாத்திரியாரும் ஆவர். மூவரும் திருவாரூரிலேயே பிறந்தவர் என்பது அவ்வூருக்கு வாய்த்த தனிப்பெருமை ஆகும்.

பிறப்பும் இளமையும்

தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர் என்பவர். அவர் இசையில் வல்லவர். திருவாரூர்த் திருக்கோயிலோடு நெருங்கிய தொடர்புடையவர். ஐந்தே சுரங்களைக் கொண்டு அம்சத்துவனி என்னும் இனிய இராகத்தை ஆக்கியவர் அவரே. நெடுங்காலம் மக்கட்பேறின்றி வருந்திய அவர், வைத்தீசுவரன் கோயிலில் எழுந்தருளியுள்ள முத்துக்குமாரசாமியை வேண்டி நோன்பிருந்தார் என்பர். அதன் பின்னர்ப் பிறந்த மகனுக்கு அப்பெருமான் பெயரையே இட்டார். முத்துசாமி பிறந்த ஆண்டு 1775 என்பது பெருவழக்கு. அவருக்குப்பின் சின்னசாமி, பாலுசாமி என்னும் தம்பியர் இருவரும், பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர்.

முத்துசாமி இளமையிலேயே வடமொழியையும் வேதத்தையும் இலக்கணத்தையும் கற்றார். தந்தையாரிடம் வாய்ப்பாட்டும் வீணையும் பயின்றார். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி என்னும் அறிஞர் எழுபத்திரண்டு மேளங்களாக இராகங்களை வகுத்த முறை ஒன்று உண்டு. அம்முறையைப் பின்பற்றிய ஆசிரிய மரபில் கற்றவர் இராமசாமி தீட்சிதர். ஆதலின், அம்மரபு முழுவதும் மகனுக்கு இளமையிலேயே கைவந்தது. வேர் இவ்வாறு ஆழ ஊன்றிய பின்னரே, புதிய காற்று அவர்மீது வீசியது.

மணலியில் கேட்ட புதிய ஒலி

அக்காலத்தில் சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துக்கிருட்டின முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் கும்பினியாரோடு தொடர்புடையவர். கலைஞரைப் போற்றும் நல்லுள்ளம் வாய்ந்தவர். அவருடைய அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னையிலோ ஆங்கிலேயரின் புனித சார்ச்சுக் கோட்டை இருந்தது. அங்கே படையினருக்கெனப் பாண்டு வாத்தியக் குழு உண்டு. ஊதுகருவிகளும் தோற்கருவிகளும் ஒன்றுசேர்ந்து எழுப்பும் அவ்வொலி, நம் நாட்டார் செவிக்கு முற்றிலும் புதியது. நம் இசையில் ஒரு சுரம் அடுத்த சுரத்தை அசைந்தும் குழைந்தும் சென்று தொடும். இவ்வசைவையே கமகம் என்பர். மேலைநாட்டு மெட்டுகளிலோ சுரங்கள் படிக்கட்டுகள் போலத் தனித்தனியே நிற்கும்; அவற்றின் நடை துள்ளிச் செல்லும். கற்றறிந்தார் பலர் அவ்விசையைச் செவிகொடுத்துக் கேட்கவும் விரும்பியிரார்.

இளைஞர் முத்துசாமி அதனை இகழவில்லை. மயங்கித் தம் இசையைக் கைவிடவும் இல்லை. கூர்ந்து கேட்டார். அம்மெட்டுகள் பல, நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களிலேயே அமைந்திருப்பதைக் கண்டார். அவற்றுக்கு வடமொழியில் நம் தெய்வங்களைப் போற்றும் சொற்களை அமைத்துப் பாடினார். இவ்வாறு பிறந்த பாடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆகும். மேலைநாட்டார் சுரத்தைக் குறிக்கும் சொல்லாலேயே இவற்றை நோட்டுசுரப் பாடல்கள் என்பர். ஆங்கிலேயர் தம் அரசரை வாழ்த்திப் பாடும் மெட்டும் இவற்றுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அயலார் ஆட்சியை வாழ்த்திய மெட்டு, இவர் கைப்பட்டதும் இறைவணக்கமாக மாறிற்று. இன்றும் இசை பயிலத் தொடங்கும் சிறுவர் சிறுமியர் இவற்றை மகிழ்ந்து பாடுகின்றனர்.

காசியில் பெற்ற பயிற்சி

மணலிக்குச் சிதம்பரநாத யோகியார் என்னும் துறவி ஒருவர் வந்தார். அவர் முத்துசாமியின் அறிவையும் ஒழுக்கத்தையும் கண்டு வியந்து, தம்முடன் காசிக்கு அனுப்புமாறு வேண்டினார். மூத்த மகனைப் பிரிவது பெற்றோர்க்கு எளிதன்று. எனினும், துறவியின் சொல்லைத் தட்ட இயலாமல் இசைந்தனர். புகைவண்டி இல்லாத காலம் அது. காசிக்குச் சென்றோர் மீள்வது உறுதியன்று என்று எண்ணி, உற்றார் கண்ணீர் விட்டு விடை கொடுப்பது வழக்கமாயிருந்தது.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முத்துசாமி காசியில் தங்கினார். பகலில் குருவுக்குப் பணிவிடை செய்தார். வேதாந்தமும் வழிபாட்டு நெறியும் கற்றார். அங்கே வடநாட்டு இசைவாணர் பாடுவதையும் கேட்டார். துருபதம் என்னும் பழைய பாடல் வகையை அவர்கள் விரைவின்றி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நிதானமாகப் பாடுவர். அந்நிதானம் இவர் உள்ளத்தில் பதிந்தது. பின்னாளில் இவர் பாடிய கீர்த்தனைகளில் காணும் சவுக்க காலம் என்னும் மெதுவான நடைக்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் என இசையறிஞர் கூறுவர். யமுனா கல்யாணி, துவிசாவந்தி முதலிய வடநாட்டுச் சாயலுடைய இராகங்களிலும் இவர் கீர்த்தனைகள் இயற்றினார். யாளிமுகம் மேல்நோக்கி அமைந்த வீணை ஒன்று கங்கையில் இவருக்குக் கிடைத்தது என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. குரு காசியிலேயே சமாதியடைய, முத்துசாமி மட்டும் மணலிக்குத் திரும்பினார்.

கீர்த்தனைகளின் சிறப்பு

ஊர் திரும்பியபின் திருத்தணிக்குச் சென்று முருகப்பெருமானை வழிபட்டார். அங்கே முதியவர் ஒருவர் தோன்றி இவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அந்நொடியே பாடல் பிறந்தது என்றும் கூறுவர். இவர் தம் பாடல்களில் வைத்த முத்திரை குருகுகன் என்பது. முருகனையே குருவாகக் கொண்டமையால் இப்பெயர் அமைந்தது.

அதன்பின் காஞ்சி, திருவாரூர், மாயூரம், தஞ்சை, மதுரை எனத் தலங்கள்தோறும் சென்று பாடினார். இவர் பாடல்களாக இன்று வழங்குவன ஏறத்தாழ ஐந்நூறு. அவற்றின் அமைப்பை ஒரு சிற்பியின் கோயிலுக்கு ஒப்பிடலாம். பாடப்படும் தலத்தின் பெயர், இறைவன் பெயர், இராகத்தின் பெயர் ஆகியவை சொற்களுக்கிடையே பொருந்தி நிற்கும். பாடல் யானைநடையாகத் தொடங்கி, முடிவில் சொற்கள் இருமடங்கு விரைவில் அடுக்கி வரும். அப்பகுதியை மத்திம காலம் என்பர். தந்தையார் ஆக்கிய அம்சத்துவனியில் மகன் பாடிய வாதாபி கணபதி கீர்த்தனை இசையரங்குகளில் இன்றும் ஒலிக்கின்றது.

இலக்கண வகுப்பில் நீங்கள் எட்டு வேற்றுமைகளைக் கற்கின்றீர்கள். அவற்றை மனப்பாடம் செய்வது கடினம் எனச் சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. தீட்சிதர் அவ்வேற்றுமைகளையே இசைக்கு அணியாக்கினார். திருவாரூர்க் கமலாம்பிகைமீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளில், ஒவ்வொரு பாடலையும் ஒவ்வொரு வேற்றுமையில் அமைத்தார். எட்டுப் பாடல்களில் எட்டு வேற்றுமையும் முடிய, ஒன்பதாம் பாடலில் எல்லா வேற்றுமைகளையும் ஒருங்கே வைத்தார். இலக்கணமும் இசையும் வழிபாடும் இவ்வாறு ஒன்றாகிய இடம் வேறெங்கும் காண்டல் அரிது.

கிழமைகளுக்குரிய கோள்கள் ஏழினையும் போற்றி இவர் பாடிய கீர்த்தனைகளும் புகழ்பெற்றவை. துருவம், மட்டியம், ரூபகம், சம்பை, திரிபுடை, அடம், ஏகம் என்னும் ஏழு தாளங்களும் அவற்றுள் முறையே அமைந்துள்ளன. இவை பிறந்த வரலாறும் அறியத்தக்கது. திருவாரூர்க் கோயிலில் மத்தளம் முழக்கிய தம்பியப்பன் என்பவர் இவருடைய மாணவர். அவர் வயிற்றுநோயால் வாடியபோது, அவர் துயர்தீர வேண்டி வியாழனைப் போற்றும் பாடலை இயற்றித் தீட்சிதர் கற்பித்தார் என்பர். மாணவனின் நோயைத் தம் நோயாகக் கருதிய உள்ளம் அது.

இவரிடம் கற்றவர் ஒரு குலத்தார் அல்லர். மத்தளக்காரரும் நட்டுவனாரும் ஆடல் மகளிரும் இவர்பால் இசை பெற்றனர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரும் இவருடைய மாணவரே. கலையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கேட்டார்க்கெல்லாம் ஈந்தமையால் அது பல கிளைகளாய்த் தழைத்தது.

பிடில் நம் கருவி ஆயிற்று

மணலியில் இருந்தபோது, கடைசித் தம்பி பாலுசாமிக்கு ஒரு மேலைநாட்டுக் கருவியின்மேல் விருப்பம் சென்றது. அதுவே பிடில் என்றும் வயலின் என்றும் வழங்கும் நரம்புக் கருவி. பாலுசாமியின் ஆர்வத்தைக் கண்ட மணலிச் செல்வர், ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அவருக்குப் பயிற்சி அளித்தார்.

மேலைநாட்டார் பிடிலை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே வைத்து நின்றுகொண்டு வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைப் பாதத்திலும் தாங்கி வாசிக்கும் முறையைக் கண்டனர். இவ்வாறு கருவி அசையாமல் நிற்பதனால், இடக்கை விரல்கள் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். அதனால் நம் இசைக்கு உயிராகிய கமகங்கள் எளிதில் பிறக்கும். தந்திகள் நான்கையும் சட்சம், பஞ்சமம், மேல் சட்சம், மேல் பஞ்சமம் என நம் சுருதிக்கேற்பக் கூட்டிக்கொண்டனர். வீணையில் தந்தியை மீட்டியவுடன் ஒலி மெல்லக் குறைந்துவிடும். பிடிலிலோ வில் செல்லுமளவும் ஒலி நீளும். பாடுவோரின் குரலை நிழல்போல் தொடர அதுவே ஏற்ற கருவி எனப் பலரும் உணர்ந்தனர். கருவியின் வடிவம் மாறவில்லை. வாசிக்கும் முறை மாறியது. அம்மாற்றத்தால் அயல்நாட்டுக் கருவி தமிழ்நாட்டுப் பிள்ளையாயிற்று.

கருநாடக இசையில் பிடிலை முதன்முதல் கையாண்டவர் பாலுசாமி என்று இசை வரலாற்றார் கூறுவர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் பெரும்புலமை பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்துப் பாராட்டினார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது.

கரிசல் வழியே

புகழ் பெருகினும் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. 1799-ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அரசர்களை நம்பி வாழ்ந்த கலைஞர் பலர் ஊர் ஊராகச் சென்று ஆதரவு தேட வேண்டியதாயிற்று. முத்துசாமி தீட்சிதரோ பொருளுக்காக மனிதரைப் புகழ்ந்து பாட உடன்படாதவர். 1817-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். தம்பியர் இருவரும் பிழைப்பை நாடி மதுரைக்குச் சென்றனர். அங்கே சின்னசாமி காலமானார். துணையை இழந்த பாலுசாமி, துயரம் தாங்காமல் தலயாத்திரை மேற்கொண்டார். அவர் பிடில் வாசிப்பின் அருமையை அறிந்த எட்டயபுரம் மன்னர், தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார்.

இவையெல்லாம் சோழநாட்டிலிருந்த தமையனார்க்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது அவர் மனம் பதைத்தது. எஞ்சிய ஒரு தம்பியையேனும் காண வேண்டும் எனப் புறப்பட்டார். மதுரையை அடைந்து வினவியபோது, பாலுசாமி எட்டயபுரத்தில் இருப்பதை அறிந்தார். வண்டி ஏறித் தெற்கு நோக்கிச் சென்றார்.

சாத்தூரை ஒட்டிய கரிசல் நிலம் அப்பொழுது நெடுநாள் மழையின்றிக் காய்ந்து கிடந்தது. பயிர் கருகியது; கிணறு வறண்டது; கால்நடைகள் நீரின்றி வாடின. காவிரியாற்றின் நீர்வளத்தில் பிறந்து வளர்ந்த அவர்க்கு அக்காட்சி நெஞ்சைப் பிளந்தது. உடனே அமிர்தவர்சினி என்னும் இராகத்தில் அம்பிகையை வேண்டி உள்ளம் உருகிப் பாடினார். வானம் கறுத்தது, மழை கொட்டியது, மழை மிகுந்து வெள்ளமாகவே, போதும் என மீண்டும் வேண்டிப் பாடினார். இஃது அக்குடும்பத்தாரிடமும் இசை உலகிலும் வழிவழியாக வழங்கிவரும் செய்தியாகும்.

பாட்டால் மழை பெய்யுமோ என்று நீங்கள் வினவலாம். வினவுவது அறிவுக்கு அழகே. மழை பெய்த காரணம் எதுவாயினும் ஆகுக. தம்பியை நாடி விரைந்த ஒருவர், தமக்குத் தொடர்பில்லாத ஓர் ஊரின் தாகத்தைக் கண்டு வண்டியை நிறுத்தினார் என்பதே இச்செய்தியில் நாம் போற்றத்தக்கது. அவ்விராகமும் தந்தையாரின் அம்சத்துவனியைப் போல ஐந்தே சுரங்களால் ஆனது. கொடிய வறட்சியைக் கண்ட நெஞ்சிலிருந்து அமிழ்தமழை என்னும் பொருளுடைய இராகத்தில் ஒரு பாடல் பிறந்தது. அப்பாடல் இன்றும் வாழ்கின்றது.

எட்டயபுரத்தில் அண்ணனும் தம்பியும் சந்தித்தனர். ஒருவர் கையில் வீணை. மற்றவர் கையில் பிடில். பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே வீட்டில், ஒரே சுருதியில் கூடின.

நிறைவு

எட்டயபுரம் அரண்மனையில் தீட்சிதர்க்கு மதிப்பும் அமைதியும் கிடைத்தன. 1835-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் தீபாவளித் திருநாள். அன்று காலையில் வழக்கம்போல் வழிபாட்டை முடித்தார். தம் முடிவு நெருங்குவதை உணர்ந்து, மதுரை மீனாட்சியம்மைமீது தாம் இயற்றிய கமகக்கிரியா இராகக் கீர்த்தனையைப் பாடுமாறு மாணவர்களைப் பணித்தார். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் இசையோடு கலந்தது என்பர். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. 1882-ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேயே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அக்காலத்தில் கீர்த்தனைகள் வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டன. கற்றவர் மறைந்தால் பாடலும் மறைந்துபோகும். அவ்வாறு மறையாமல் காத்தவர், பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரரும் அவராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பெற்றவருமான சுப்பராம தீட்சிதர். அவர் எட்டயபுரம் மன்னரின் ஆதரவோடு 1904-ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். கமகங்களை எழுத்தில் காட்டத் தனிக் குறியீடுகளையும் அதில் அமைத்தார். மேலைநாட்டார் தம் இசையை எழுதி வைக்கும் வழக்கத்தைக் கண்டு, நம் இசைக்குப் பொருந்துமாறு செய்த மற்றொரு புதுமை இதுவாகும். சென்னைச் சங்கீத வித்துவ சபையார் பின்னர் அந்நூலைத் தமிழ் எழுத்தில் பதிப்பித்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

சாத்தூருக்கு மேற்கே சிறிது தொலைவில் சிவகாசி உள்ளது. வானம் பார்த்த அப்பூமியில் வேளாண்மை கைகொடாத நிலையில், 1920-ஆம் ஆண்டுகளில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். அயலூரில் கற்ற தொழிலைத் தம் மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்ப வளர்த்தனர். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் அங்கே செழித்தன. தொழிலில் அவர்கள் செய்ததற்கு ஒப்பான ஒன்றை இசையில் அதற்கு முன்னரே செய்தவர்கள் தீட்சிதர் உடன்பிறந்தார்.

புதியது என்பதனாலேயே ஒன்றைத் தள்ளுதல் அறியாமை. புதியது என்பதனாலேயே ஒன்றைத் தழுவிப் பழையதை மறத்தலும் அறியாமையே. தம் மரபில் ஆழ்ந்த புலமை பெற்றவர்க்கே, பிறர் பொருளில் எதைக் கொள்ளலாம், அதை எவ்வாறு தமதாக்கலாம் என்பது விளங்கும். தீட்சிதர் கேட்ட பாண்டு இசையைக் கோட்டைக்கு அருகில் வாழ்ந்தோர் எல்லாரும் கேட்டனர். ஆயினும், அதிலிருந்து புதிய பாடல்களைப் படைத்தவர் அவரே.

அடுத்த தீபாவளி நாளில், சிவகாசியில் உழைப்போர் கைகளால் ஆன மத்தாப்பை நீங்கள் ஏற்றி மகிழ்வீர்கள். அவ்வொளியில் ஒருகணம், அந்நாளிலேயே கரிசல் மண்ணில் நிறைவெய்திய அவ்விசைப் பெரியாரையும் நினைந்து போற்றுங்கள்.